வேற்றூர்ப் புனல்



கோடை என்ற சொல்லை நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தோம். அதன் முழுப் பொருளை டில்லிக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டோம். சித்திரை பிறந்து சில நாட்கள் கழிந்தால் போதும், மேற்கேயிருந்து ‘லூ’ என்னும் அனல்காற்று புறப்பட்டுவிடும். வெயிலின் அளவு 40 டிகிரியைத் தாண்டி, வைகாசியில் சில நாட்கள் 45 டிகிரியையும் தொட்டு நிற்கும். நம் ஊர் வெயிலில் வியர்வை உண்டு. மாலையில் கடற்காற்றோ தென்றலோ வந்து அவ்வியர்வையை ஆற்றிவிடும். இங்கே வியர்வை தோன்றுமுன்பே உலர்ந்துபோகிறது. உடலிலுள்ள நீரைக் காற்றே குடித்துவிடுகிறது எனலாம். இத்தகைய நாளொன்றின் பிற்பகலில், அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் தமிழர் ஒருவரிடம், “இப்போது உமக்கு வேண்டுவது யாது?” என்று கேட்டால், அவர் பதவி உயர்வு என்று சொல்லமாட்டார், “கழுத்தளவு தண்ணீர்” என்றே சொல்வார்.

இவ்வாசையில் வியப்பில்லை. தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் பிறந்தவர்களுக்கு ஆறே முற்றம். ஆறில்லாத ஊரில் தோட்டத்துக் கிணறு இருந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலி டின்னையோ முதுகில் கட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மேலே நின்று சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான்கு நாட்கள் தண்ணீரைக் குடித்து ஐந்தாம் நாள் நீந்தக் கற்றவர்கள் நம்மில் பலர். வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் ஆடிய நீராட்டைப் பாடும் பாடல்கள் பரிபாடலில் பல உள்ளன. நீர் விளையாட்டை விழாவாகவே கொண்டாடிய மரபு நம்முடையது.

ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தபோது, நீந்தும் திறமையை உடலோடு கொண்டுவந்தோம். நீரை அறியும் அறிவையோ ஊரிலேயே விட்டுவந்தோம். எந்தப் படித்துறையில் சுழல் உண்டு, எந்த மடுவில் பாறை உண்டு, எந்த மாதத்தில் வெள்ளம் வரும் என்பனவெல்லாம் அங்கே நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்தவை அல்ல. வளர்கையில் தாமே வந்து சேர்ந்தவை. இங்கே அவற்றைக் கேட்டுத்தான் பெறவேண்டும். வேற்றூர்ப் புனலின் இன்பத்தையும், அதை அடைவதற்குரிய நெறியையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

டில்லி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யமுனை. அதன் முழு நீளம் 1,376 கிலோமீட்டர். வஜீராபாதிலிருந்து ஓக்லா வரையில் நகரத்தின் ஊடே அது ஓடும் தொலைவு சுமார் 22 கிலோமீட்டரே. முழு நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கும் ஆகாது. ஆற்றில் சேரும் மாசில் பெரும்பகுதியோ இச்சிறு தொலைவுக்குள்தான் வந்து விழுகிறது. நீராடுவதற்கு ஏற்ற ஆறு என்று சொல்ல வேண்டுமானால், ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உயிர்வளி 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்றும், கழிவை மட்கச் செய்வதற்கு வேண்டப்படும் உயிர்வளி 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்றும் அரசு வரையறுத்துள்ளது. நகருக்குள் ஓடும் யமுனைக்கு இவ்வளவுகள் ஆண்டின் பெரும்பகுதியில் எட்டாக்கனியாகவே இருக்கின்றன. குளிர்காலத்தில் காளிந்தி குஞ்சின் அருகே மிதக்கும் வெண்ணுரையைக் கண்டு மயங்கவேண்டா. அது சலவைத்தூளும் சாக்கடையும் கூடிப் பெற்ற பிள்ளை. ஆகவே யமுனையைக் கரையில் நின்று வணங்கலாம், காலை வைக்கலாகாது.

யமுனைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுபவை பழைய படிக்கிணறுகள். இவ்வூரார் அவற்றைப் ‘பாவ்லி’ என்பார்கள். கனாட் பிளேஸின் அருகேயுள்ள அக்ரசேன் பாவ்லியில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. மெஹ்ரோலியில் கந்தகம் கலந்த நீரால் பெயர்பெற்ற கிணறு ஒன்று உண்டு; சிறுவர்கள் உயரத்திலிருந்து அதில் குதித்துக் காட்டியதால் ‘குதிக்கும் கிணறு’ என்றும் ஒரு பெயர் அதற்கு வழங்கியது. நம் கிணற்றடிப் பிள்ளைகளின் உறவினர்கள் அவர்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. இன்று இவை கண்டு மகிழத்தக்க சின்னங்கள், நீந்துமிடங்கள் அல்ல.

டில்லிக்குத் தெற்கே, பரீதாபாத்தை ஒட்டிய ஆரவல்லிக் குன்றுகளில், கல்லுடைத்துக் கைவிட்ட குழிகள் பல உள்ளன. அவற்றில் ஊற்றும் மழையும் சேர்ந்து நீலமணி போன்ற நீர் நிற்கிறது. படங்களில் பார்த்துவிட்டு இளைஞர்கள் அங்கே ஓடுகிறார்கள். சரிவான கரை அங்கே கிடையாது. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடி பாதாளம். மேலே வெந்நீர் போன்றிருக்கும் நீர், ஆழத்தில் கடுங்குளிராக இருக்கும். உயிர்ப்பலி பல கண்டபின் அங்கே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. அக்குழிகளில் ஒன்றைக் ‘குருதி ஏரி’ என்று பொருள்படும் ஹிந்திப் பெயராலேயே அப்பகுதி மக்கள் அழைக்கிறார்கள். பெயரே அறிவுரையாக அமைந்த இடம் அது.

அப்படியானால் டில்லியில் நீந்த இடமே இல்லையா? உண்டு. கட்டப்பட்ட நீச்சற்குளங்களே அவ்விடங்கள். அவற்றுள் புகழ்பெற்றது தால்கட்டோரா. ‘தால்’ என்றால் ஏரி; ‘கட்டோரா’ என்றால் கிண்ணம். ஏரிக்கிண்ணம் என்னும் அழகிய பெயருடைய அவ்விடத்துக் குளத்தில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. புதுப்பித்துக் கட்டி, சியாமா பிரசாத் முகர்ஜியின் பெயர் சூட்டிய வளாகத்தில் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளும் நடந்தன. இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுகூரவேண்டும். 1951-ஆம் ஆண்டு முதலாவது ஆசிய விளையாட்டு இதே புதுடில்லியில் நடந்தபோது, வங்கத்தைச் சேர்ந்த சச்சின் நாக் 100 மீட்டர் நீச்சலில் முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கப்பதக்கம் தண்ணீரிலிருந்து எடுத்ததே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

டில்லியில் பொதுக் குளங்கள் பலவும் கோடையில் திறந்து, குளிர்காலத்தில் மூடப்படுகின்றன. சேருவதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். தலைக்கு ரப்பர்த் தொப்பி வேண்டும். குளத்தில் இறங்குமுன் உடம்பைக் கழுவவேண்டும். இவற்றைத் தொல்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஓடுகிற ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். நிற்கிற குளத்து நீரைக் குளோரின் ஒன்றே காக்கிறது. வியர்வையும் எண்ணெயும் அந்தக் குளோரினைத் தின்றுவிடுகின்றன. கண் எரிச்சலுக்குக் காரணம் குளோரின் மிகுதி என்று நினைக்கிறோம். உண்மையில், வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடி உண்டாக்கும் பொருள்களே கண்ணை உறுத்துகின்றன. நாம் கழுவாமல் இறங்கிய அழுக்கே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது.

நம் பிள்ளைகளை நினைக்கும்போது இக்குளங்களின் அருமை இன்னும் விளங்கும். டில்லியிலோ மும்பையிலோ பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு வீணையும் பரதமும் சொல்லித் தருகிறோம். தமிழ் எழுத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பிக்கிறோம். நீச்சலை மட்டும் ஏனோ விட்டுவிட்டோம். தந்தை நீந்துவார், பாட்டனார் நீந்துவார், பிள்ளைக்கு மட்டும் தெரியாது. இந்நாட்டில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 35,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று அரசின் குற்றப் பதிவுக் கணக்கே கூறுகிறது. உலகம் முழுவதிலும் 2021-ஆம் ஆண்டில் சுமார் 3,00,000 பேர் இவ்வாறு மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவைத்த கல்வி உயிர்க்கல்வியாகவும் இருக்கிறது.

பெண்களுக்கும் இது பொருந்தும். பல குளங்களில் அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி கல்கத்தாவைச் சேர்ந்த ஆரதி சாகா. நம் தமிழ்நாட்டுக் குற்றாலீசுவரன் 1994-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் பிராயத்திலேயே, ஓராண்டுக்குள் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து, மிகிர் சென் நிறுவியிருந்த சாதனையை முறியடித்தார். கால்வாயைக் கடக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மல்லாந்து மிதக்கவும், மூச்சை அடக்காமல் சீராக விடவும், 25 மீட்டர் நீந்திக் கரையேறவும் தெரிந்தால் முதற்படிக்குப் போதும்.

இனி ஆறுகளுக்கு வருவோம். டில்லித் தமிழர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கோடை விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வருவர். வந்தவர்களை ஹரித்துவாரத்துக்கும் ரிஷிகேசத்துக்கும் அழைத்துச் செல்வது எழுதாத சட்டம். ஹரித்துவாரத்தில் ஹர் கீ பௌடிப் படித்துறையைத் தொட்டு ஓடுவது, தடுப்பணையிலிருந்து திருப்பிவிடப்பட்ட கங்கை நீர். அது அங்கிருந்து 1854-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயில் சென்று, தோவாபின் வயல்களுக்குப் பாய்கிறது. படித்துறைகளில் இரும்புச் சங்கிலிகள் தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அலங்காரத்துக்காக அல்ல. நம் காவிரிப் படித்துறையில் மூழ்கி எழுபவன் மூழ்கிய இடத்திலேயே எழுவான். இங்கே சங்கிலியை விட்டுவிட்டு மூழ்கியவன் வேறோர் இடத்தில்தான் எழுவான். ஒருகை சங்கிலியில், மறுகை மூக்கில் என்பதே இத்துறையின் இலக்கணம்.

ரிஷிகேசத்தில் வேறோர் இன்பம் காத்திருக்கிறது. காற்றடைத்த ரப்பர்ப் படகில் ஏறி, பாறைகளிடையே சீறிப் பாயும் கங்கையில் மிதந்து வருவது. பிரம்மபுரி, சிவபுரி, கௌடியாலா என்று புறப்படும் துறைக்கு ஏற்பத் தொலைவு கூடும். சிவபுரியிலிருந்து வருவது சுமார் 16 கிலோமீட்டர். நீர்ப்பாய்ச்சல்களின் வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது, மனிதர் அணுகாதது. இங்குள்ளவை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வரையில் அடங்கும். மழைக்காலத்தில் ஆறு கலங்கிப் பெருகும்போது இவ்விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். சிறு குழந்தைகளை ஏற்ற விதி இடந்தராது. துடுப்பு வீசும் முறையை வழிகாட்டி முதலில் கற்பிப்பார். படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலலாகாது, மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, விரல்களை மேலே காட்டி மிதக்கவேண்டும் என்பார். நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கும். பின்னால் வரும் நீர் ஆளை அமுக்கிவிடும்.

இவ்விடத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் எங்கள் தங்கை குடும்பத்தினர் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தனர். மருமகனுக்கு வயது பதினாறு. தாமிரபரணியில் வளர்ந்த பிள்ளை. மீன் போல நீந்துவான். ரிஷிகேசத்துக்கு மேலே ஒரு வெண்மணல் திட்டில் கட்டுச்சோற்றை அவிழ்த்து அமர்ந்தோம். கரையில் ஒரு பலகை நட்டிருந்தது. அதில் ஹிந்தியில் இரண்டே வரிகள்: மேலேயுள்ள அணையிலிருந்து எந்நேரமும் நீர் திறந்துவிடப்படலாம், ஆற்றில் இறங்குவது ஆபத்து.

அதை நாங்கள் படித்தோம். மொழிபெயர்ப்பே எங்கள் தொழில். சுற்றறிக்கைகளையும் விதிகளையும் விளம்பரங்களையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தே இருபது ஆண்டுகளாக உப்பும் புளியும் வாங்குகிறோம். பழக்கத்தினால், ‘எந்நேரமும்’ என்பது பொருந்துமா, ‘எவ்வேளையிலும்’ என்பது பொருந்துமா என்று மனம் ஒரு கணம் எடைபோட்டது. தகுந்த சொல் கிடைத்த நிறைவோடு அப்பால் நடந்துவிட்டோம். யாருக்கு அந்த இரண்டு வரிகள் தமிழில் தேவைப்பட்டனவோ, அவனிடம் சொல்லவில்லை.

அவன் சட்டையைக் கழற்றிக் குதித்துவிட்டான். தலை ஒருமுறை மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. மறுகணம் நீரோட்டம் அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் தங்கை கரையோடு ஓடினாள், நாங்களும் ஓடினோம். மனிதக் கால் ஆற்றோடு போட்டியிடுமா? கீழே ஒரு வளைவில் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி இளைஞர் ஒருவர், சிறு பையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து வீசினார். அது பையனின் தோள்மேல் சென்று விழுந்தது. பற்றிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்கும் எங்களுக்கும் இருந்த நல்வினை.

கரையேறி நடுங்கிக்கொண்டு அவன் சொன்ன சொல் இன்றும் காதில் ஒலிக்கிறது: “மாமா, நீந்தத்தான் பார்த்தேன், மூச்சே வரவில்லை.” வழிகாட்டி எங்களைப் பார்த்து, “பலகையைப் படிக்கவில்லையா?” என்று கேட்டார். படித்தோம் என்று சொல்ல நாவெழவில்லை.

அவனுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர் கேட்டறிந்தோம். கங்கை பனிமலை உருகிய நீர்; போதாக்குறைக்கு, தெஹ்ரி அணையின் ஆழத்திலிருந்து வரும் நீரும் பாகீரதி வழியாக வந்து அதில் கலக்கிறது. வெளியே 40 டிகிரி வெயில் காயும்போதும் உள்ளே கடுங்குளிர். சூடேறிய உடம்போடு திடீரென்று அதில் விழுந்தால், நம் விருப்பத்தைக் கேளாமலே நுரையீரல் பெருமூச்சு வாங்கும். அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் வாங்குவது காற்றன்று, நீரே. முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் மூச்சு நம் வசத்தில் இராது. எத்துணை நீச்சல் தெரிந்தும் அந்நேரத்தில் பயன்படுவதில்லை. ஆதலால் குளிர்ந்த நீரில் குதிக்கலாகாது. கால், கை, முகம் என்று சிறிது சிறிதாக நனைத்து இறங்கவேண்டும். தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல், மூச்சு அடங்கும்வரை மல்லாந்து மிதக்கவேண்டும். தாமிரபரணி கற்றுத்தராத பாடம் இது. அதன் நீரில் இதற்குத் தேவை இருந்ததில்லை.

இவ்வாறே ஒவ்வோர் ஊர் நீருக்கும் ஒரு குணம் உண்டு. கல்கத்தாவில் இருப்பவர்கள் ஹூக்ளியின் ஓதவேற்றத்தை அறிந்திருக்கவேண்டும். சில நாட்களில் கடலிலிருந்து ஒரு நீர்ச்சுவரே ஆற்றை எதிர்த்து ஏறி வரும். மும்பைக் கடற்கரையில் ஆடி ஆவணி அலைகளுக்கு முன் நிற்கலாகாது. கோவாவிலும் புரியிலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டங்கள் உண்டு. அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு திரும்பவேண்டும். ஜபல்பூரில் நருமதையின் பளிங்குப் பாறைகளிடையே படகில் செல்வது கண்ணுக்கு விருந்து. மழைக்காலத்தில் அது நடைபெறாது. சண்டிகரில் 1958-ஆம் ஆண்டு அமைத்த சுக்னா ஏரியில் துடுப்புப் படகும், போபாலில் போஜராஜனின் பெயர் தாங்கிய பெரிய ஏரியில் பாய்மரப் படகும் செலுத்தலாம். பிள்ளைகளுக்கு இவற்றில் பயிற்சியும் கிடைக்கும். இன்பத்துக்குக் குறைவில்லை, கேட்டு நடக்கும் பணிவே வேண்டும்.

ஒருவர் மூழ்குவதைக் கண்டால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். பயிற்சியில்லாதவர் பின்னால் குதிக்கலாகாது. காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இருவராக இழந்த குடும்பங்கள் பல. கயிறு, வேட்டி, சேலை, கழி, மூடிய காலிப் புட்டி, எது கைக்கு அகப்படுகிறதோ அதை வீசவேண்டும். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் உண்டு. அவை நன்மையைவிடத் தீமையே செய்யும். மூச்சு இல்லையெனில், மல்லாத்திக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, பிறகு மார்பை 30 முறை அழுத்துவதும் இருமுறை ஊதுவதுமாக, மருத்துவ உதவி வரும்வரை தொடரவேண்டும். 112 என்ற எண்ணை அழைக்க மறவாதீர்கள்.

நேயர்களே, ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியை நாம் வாணிபத்துக்கும் வழக்குக்கும் பயன்படுத்திப் பயன்படுத்தி, அது முதலில் தண்ணீரைப் பற்றியது என்பதையே மறந்துவிட்டோம். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் ஒவ்வொருவரும், ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு மொழிபெயர்ப்பாளரே. கடைக்காரரிடம் விலை பேசிக் கொடுக்கிறோம்; ரயில் நிலையத்தில் நடைமேடை எண்ணைக் கேட்டுச் சொல்கிறோம். ஆற்றங்கரைப் பலகையையும் வாய்விட்டுப் படித்துச் சொல்வோம். சொல் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் குற்றமில்லை. உரிய நேரத்தில் காதில் விழுந்தால் போதும்.

மருமகன் மறு ஆண்டும் வந்தான். அதே மணல்திட்டுக்குப் போனோம். அவன் சட்டையைக் கழற்றவில்லை; நேராகப் பலகையின் முன் போய் நின்று, “மாமா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டான். சொன்னோம். பிறகு எல்லோருமாக மிதவைச் சட்டையைப் பூட்டிக்கொண்டு, சிவபுரியில் படகேறினோம். முதற் பாய்ச்சலில் அலை எங்கள் தலைக்குமேல் எழுந்து விழுந்தபோது, டில்லியின் கோடை முழுவதும் கழுவுண்டு போயிற்று.